கறுப்புக்கு எந்தக் கிளை? சேலத்தில் நடக்கும் ஒரு காரோ-கான் வகுப்பு: விமர்சனம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் வார இறுதிச் சதுரங்க வகுப்பு ஒன்று, கறுப்புக் காய்களுக்கான தொடக்க ஆட்டத்தை மட்டும், அதிலும் காரோ-கான் தற்காப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்துகிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் நானும் அதில் சேர்ந்தே படித்தோம். நடத்துபவர் தம் பெயரும் முகவரியும் வெளியில் வருவதை விரும்பவில்லை. ஒரு தொகுதிக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அவர் சேர்ப்பதில்லை என்பதால் விளம்பரம் அவருக்குத் தேவையும் இல்லை. ஆகவே இது பெயரில்லாத ஒரு வகுப்பைப் பற்றிய விமர்சனமாகவே இருக்கும். இருந்தும் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு சதுரங்க வகுப்புகள் முளைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நகர்வுகளை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. ஒன்றுக்கொன்று உறவான பல கிளைகளில் எது தனக்கு ஏற்றது என்பதைக் கறுப்பு ஆடுபவர் எப்படி முடிவு செய்வது என்பதையே பாடமாக எடுத்துக்கொண்ட வகுப்பை நான் இங்கேதான் பார்த்தேன்.

நடைமுறைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுப் பருவத்துக்கும் 4,000 ரூபாய். சனிக்கிழமை மாலையும் ஞாயிறு காலையும் இரண்டிரண்டு மணி நேரம். ஆத்தூரிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் பேருந்தில் வருகிறவர்களுக்குப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து அதிகத் தூரம் இல்லை. ஏற்காட்டிலிருந்து ஒரு மாணவன் வருகிறான். மழைக்காலத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூடுபனியில் இறங்கி வரவேண்டியிருப்பதால் அவன் தாமதமாக வந்தால் மட்டும் கேள்வி கேட்பதில்லை. மற்ற எவருக்கும் அந்தச் சலுகை கிடையாது. மாடி அறையில் மின்விசிறி உண்டு, ஆனால் சித்திரை வெயிலுக்கு அது போதாது. பெற்றோர் உட்காரத் திண்ணை இருக்கிறது, வண்டி நிறுத்த இடமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கட்டத்தின் பெயரில் எழுத்து செங்குத்து வரிசையையும் எண் கிடை வரிசையையும் குறிக்கும்; காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் வந்தால் அங்கே நகர்வது சிப்பாய். வெள்ளை இ4 என்று தொடங்கும்போது சி6 என்று விடையளித்து, அடுத்து டி5 என்று மையத்தைத் தட்டிக் கேட்பதுதான் காரோ-கான். ஹொரேஷியோ காரோ, மார்கஸ் கான் என்ற இருவர் 1886-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்தப் பெயர் வந்தது. இ4-க்கு இ6 என்று விடையளிக்கும் பிரெஞ்சுத் தற்காப்பில் அந்த இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுப்போகும் சி8 மந்திரி (பிஷப்) இங்கே வெளியே வர வழி இருக்கிறது என்பதே இதன் முதல் கவர்ச்சி. ஆனால் மூன்றாம் நகர்வில் பாதையைத் தேர்ந்தெடுப்பது வெள்ளைதான். சிப்பாயை இ5-க்குத் தள்ளலாம், டி5-இல் வெட்டலாம், குதிரையால் இ4-ஐக் காக்கலாம், எஃப்3 என்று சிப்பாயாலும் காக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் கறுப்பிடம் இரண்டோ மூன்றோ நல்ல பதில்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்து வைக்க ஒரு பள்ளி மாணவிக்கோ, மாலை ஏழு மணிக்கு அலுவலகத்திலிருந்து திரும்புகிற ஒருவருக்கோ நேரம் இருக்காது. எதை விடுவது என்று தெரிந்துகொள்வதுதான் இங்கே பாதிப் படிப்பு.

பயிற்சியாளர் முதல் வகுப்பிலேயே பலகையில் எழுதிப் போடுவது மூன்று கேள்விகள். இந்தக் கிளை முடிந்தபின் சிப்பாய்கள் எப்படி நிற்கும்? நடுவில் ஒரு நகர்வு மறந்துபோனால் ஆட்டம் கெடுமா, அல்லது கொஞ்சம் சங்கடத்தோடு தொடருமா? இங்கே கற்ற காயமைப்பு வேறு வரிசையில் வந்தாலும் பயன்படுமா? கணினி காட்டும் மதிப்பெண் இந்தக் கேள்விகளில் எதிலும் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்கக் கணினி நிரல் ஒரு கிளைக்கும் இன்னொன்றுக்கும் இடையே காட்டும் வேறுபாடு பெரும்பாலும் ஒரு சிப்பாயின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. பள்ளி மைதானத்தில் ஷாமியானாவுக்குக் கீழே நடக்கும் ஒரு நாள் ரேபிட் (வேக ஆட்ட) போட்டியில் அந்த வேறுபாடு எவர் கண்ணுக்கும் படாது. மூன்றாவது கேள்வியை அவர் மிகவும் வலியுறுத்துகிறார். என் மதிப்பீட்டில் இந்த வகுப்புக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு கேள்விக்கே தகும்.

அதை அவர் விளக்கிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளை மூன்றாவதாகக் குதிரையை சி3-இல் வைத்து, கறுப்பு இ4-இல் வெட்டி, வெள்ளைக் குதிரை அங்கே திரும்ப வெட்டிய நிலையை எடுத்துக்கொள்வோம். கறுப்புக்கு மூன்று புகழ்பெற்ற பதில்கள் உண்டு. மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவந்து குதிரையைத் தாக்குவது முதலாவது. இதைத்தான் கிளாசிக்கல் என்கிறார்கள், காப்பபிளாங்காவின் பெயரும் இதற்கு உண்டு. குதிரையை டி7-இல் வைத்து அடுத்த குதிரைக்கு எஃப்6-இல் முட்டுக் கொடுப்பது இரண்டாவது. முன்னாள் உலகச் சாம்பியன்கள் ஸ்மிஸ்லோவும் கார்ப்போவும் நம்பி ஆடியது அது. மூன்றாவது, நேராக எஃப்6-இல் குதிரையை வைத்து வெள்ளையை வெட்டச் சொல்லி, இ-சிப்பாயால் திரும்ப வெட்டும் டார்டகோவர் கிளை. ஜி-சிப்பாயால் வெட்டுவதும் உண்டு, பிரான்ஸ்டைனும் லார்சனும் அப்படி ஆடினார்கள். ராஜாவின் பக்கம் திறந்துபோவதால் பயிற்சியாளர் அதை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார். அவர் தள்ளியது சரி என்றே நினைக்கிறேன்.

கிளாசிக்கலில் வெள்ளைக் குதிரை ஜி3-க்கு வந்து மந்திரியை விரட்டும், மந்திரி ஜி6-க்கு ஒதுங்கும், எச்4 வரும், மந்திரிக்கு ஓடுவழி வேண்டி கறுப்பு எச்6 என்று திறந்துகொள்ளும். பிறகு எச்5, மந்திரி எச்7-க்கு, வெள்ளை மந்திரி டி3-இல் எதிரே வந்து மாற்றிக்கொள்ளும். இந்த வரிசை ஏறத்தாழத் தண்டவாளத்தில் ஓடுகிறது. நகர்வுகள் இயல்பாகவே வருவதால் மனத்தில் நிற்கும், கறுப்பின் அமைப்பு உறுதியானது, தோற்பதும் அரிது. வகுப்பில் பெரும்பாலானவர்கள் முதல் பார்வையில் இதையே விரும்பினார்கள்.

அப்போதுதான் அவர் டூ நைட்ஸ் என்ற கிளையைப் பலகையில் வைத்தார். வெள்ளை டி4 ஆடாமல் இரண்டாவதாக ஒரு குதிரையை சி3-இலும் மூன்றாவதாக இன்னொன்றை எஃப்3-இலும் வைக்கிறது. கறுப்பு வழக்கம்போல இ4-இல் வெட்டி, வழக்கம்போல மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவருகிறது. பார்ப்பதற்கு எல்லாம் அதே கிளாசிக்கல். ஆனால் டி4-க்குச் செலவழிக்க வேண்டிய நகர்வு வெள்ளையின் கையில் மிச்சம் இருக்கிறது. ஜி3 குதிரை, எச்4, எச்6 எல்லாம் வந்தபின் எஃப்3 குதிரை இ5-க்குத் தாவுகிறது. மந்திரி எச்7-க்குப் போனதும் ராணி எச்5-க்கு வந்து எஃப்7-இல் செக்மேட் மிரட்டுகிறது. ஜி6 என்று தடுத்தால் வெள்ளை மந்திரி சி4-க்கு வந்து அதே இடத்தைக் குறிவைக்கிறது. இ6 என்று அடைத்தால் ராணி இ2-க்குச் சாவகாசமாகத் திரும்பி அடுத்த உடைப்புக்குக் காத்திருக்கிறது. கறுப்பின் காய்கள் பாதி வீட்டிலேயே கிடக்கின்றன. உறவான இரண்டு கிளைகளில் ஒன்றில் நல்லதாக இருக்கும் நகர்வு இன்னொன்றில் நஞ்சாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். டூ நைட்ஸில் மந்திரியை ஜி4-க்குக் கொண்டுபோய் எஃப்3 குதிரையைக் கட்டிவிடுவது (அது நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி வெட்டுப்படும்) போன்ற வேறு நல்ல பதில்கள் உண்டு, ஆனால் கிளாசிக்கல் ஆடுபவர் அவற்றைத் தனியாகப் படிக்க வேண்டும்.

டி7 குதிரைக் கிளைக்கு வரும்போது வகுப்பறை உற்சாகமாகிவிடும். அதற்கு இரண்டு கதைகள் காரணம். ஒன்று, வெள்ளை ஐந்தாவதாக ராணியை இ2-இல் வைத்தால் கவனிக்காமல் எஃப்6-க்குக் குதிரையைக் கொண்டுவரும் கறுப்புக்கு, வெள்ளைக் குதிரை டி6-இல் குதித்து ஆறாவது நகர்விலேயே செக்மேட் கொடுக்கும். இ7 சிப்பாய் ராணியால் கட்டப்பட்டிருப்பதால் வெட்ட முடியாது. இரண்டாவது, 1997 மே 11 அன்று நியூயார்க்கில் டீப் புளூ கணினியிடம் கஸ்பரோவ் தோற்ற ஆறாவது ஆட்டம். வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து, டி3-இல் மந்திரியும் எஃப்3-இல் இன்னொரு குதிரையும் நிற்கும்போது, கறுப்பு முதலில் தன் மந்திரியை டி6-இல் வைத்து, வெள்ளை ராணி இ2-க்கு வந்தபின் எச்6 என்று குதிரையை விரட்டுவதே வழக்கமான வரிசை. எஃப்8 மந்திரி முன்பே வெளியேறியிருப்பதால் அப்போது ராஜாவுக்கு ஒதுங்க இடம் இருக்கும். கஸ்பரோவ் எச்6-ஐ ஒரு நகர்வு முன்னதாக ஆடினார். கணினி இ6-இல் குதிரையைப் பலி கொடுத்தது. உலகச் சாம்பியன் பத்தொன்பது நகர்வில் கைவிட்டார், போட்டியும் இரண்டரைக்கு மூன்றரை என்று போனது.

பயிற்சியாளர் இந்த ஆட்டத்தைக் கிளையைக் குறை சொல்வதற்காகக் காட்டவில்லை. கார்ப்போவின் கையில் இந்தக் கிளை எப்படிக் கல்லைப் போல் உறுதியாக இருந்தது என்பதற்கும் ஆட்டங்கள் காட்டினார். வரிசை சறுக்கினால் விலை என்ன என்ற இரண்டாவது கேள்வியை இங்கே வைத்துப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். கிளாசிக்கலில் ஒரு நகர்வு மாறினால் நிலை சற்று இறுகும். இங்கே மாறினால் ஆட்டம் முடிந்துவிடும். “கண்ணு, ராத்திரி படிச்சது காலையில நிக்குமான்னு உனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது” என்று என் மகளிடம் சொன்னார். அவள் அந்தக் கிளையை அன்றே விட்டுவிட்டாள்.

டார்டகோவர் கிளையைத்தான் அவர் கடைசியாக வைத்தார், தம் விருப்பமும் அதுவே என்பதை மறைக்கவில்லை. எஃப்6-இல் இரட்டைச் சிப்பாய்கள் நிற்பது பார்க்க அசிங்கமாக இருக்கும். முன்பு பயிற்சி நூல்கள் இதைச் சற்று இளக்காரமாகவே நடத்தின. ஆனால் அந்த எஃப்6 சிப்பாய் இ5, ஜி5 இரண்டு கட்டங்களையும் காப்பதால் வெள்ளைக் குதிரை எங்கும் குதிக்க முடிவதில்லை. டி6-இல் மந்திரி, ராஜாவுக்குக் கோட்டை கட்டுவது (காஸ்லிங்), இ8-இல் யானை, டி7 வழியாக எஃப்8-க்குக் குதிரை என்று காய்கள் யோசிக்காமலே தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. வெள்ளை ராணியை சி2-இலும் மந்திரியை டி3-இலும் வைத்து எச்7-ஐக் குறிவைக்கும்போது, கறுப்பு இ8-க்கு யானையைக் கொண்டுவந்து செக் கொடுத்து, வெள்ளைக் குதிரை இ2-இல் குறுக்கே வந்ததும் எச்5 என்று அந்தச் சிப்பாயையே தள்ளிவிடுகிறது. தற்காக்க வேண்டிய சிப்பாய் தாக்கப் புறப்படும் இந்தத் திட்டத்தால்தான் அண்மைக் காலத்தில் முன்னணி ஆட்டக்காரர்கள் இந்தக் கிளைக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

முக்கியமான செய்தி, டூ நைட்ஸ் வரிசையில் வந்தாலும் குதிரையை எஃப்6-இல் வைத்து இ-சிப்பாயால் வெட்டும் அதே அமைப்பு செல்லுபடியாகும். ஒன்றைப் படித்தால் இரண்டுக்கும் ஆயிற்று. மறந்தாலும் ஆபத்து குறைவு. மூன்று கேள்விகளில் இரண்டுக்கு டார்டகோவர் மற்ற இரண்டையும்விட நல்ல விடை சொல்கிறது.

முதல் கேள்விக்கு மட்டும் அதன் விடை சுமார்தான். வகுப்பு அவசரப்பட்ட முதல் இடமும் இதுதான். சிப்பாய்களை எண்ணிப் பாருங்கள்: ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு மூன்று. ராஜாப் பக்கத்தில் கறுப்புக்கு நான்கு இருந்தாலும் அவற்றில் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், அங்கிருந்து எதிர்ச் சிப்பாய் தடுக்க முடியாமல் கடைசி வரிசைவரை முன்னேறக்கூடிய ஒரு சிப்பாயை எளிதில் உருவாக்க முடியாது. வெள்ளையோ தன் பக்கத்தில் உருவாக்கிவிடும். எல்லாக் காய்களும் மாறிப்போனால் மிஞ்சுகிற சிப்பாய் முடிவாட்டம் பெரும்பாலும் வெள்ளைக்குச் சாதகம். இந்தக் கிளையை எடுப்பவர் எந்தக் காய்களை மாற்றக்கூடாது, எவற்றை வைத்திருக்க வேண்டும் என்பதைத் தெரிந்தே எடுக்க வேண்டும். பயிற்சியாளர் இதைச் சொல்லாமல் விடவில்லை, ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகச் சொன்னார். எதிராளி ஒவ்வொரு காயாக மாற்றிக்கொண்டே வந்தால் என்ன செய்வது என்று பத்து ஆட்டமாவது ஆடிக் காட்டியிருக்க வேண்டும். ஒரு நாள் போட்டிகளில் நம் பிள்ளைகள் வலுவான எதிராளியைக் கண்டால் காய்களை மாற்றித் தள்ளுவதையே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். இந்தக் கிளையில் அதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை.

அடுத்தது அட்வான்ஸ், அதாவது வெள்ளை இ5 என்று முன்னேறுவது. எங்கள் ஊர்ப் போட்டிகளில் நான் பார்த்தவரை வெள்ளை ஆடுபவர்கள் அதிகம் கையாளுவது இதையும், டி5-இல் வெட்டும் எக்ஸ்சேஞ்சையும்தான். கறுப்புக்கு இங்கே இரண்டு பெரிய வழிகள்: மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவருவது, அல்லது உடனே சி5 என்று மையத்தின் அடியைத் தட்டுவது. இவ்விரண்டையும் ஒப்பிட்ட வகுப்புகள்தான் இந்தப் பருவத்தின் சிறந்த பகுதி.

எஃப்5 மந்திரி காரோ-கானின் முழு வாக்குறுதியையும் நிறைவேற்றுகிறது. மந்திரி வெளியே வந்தாயிற்று, பின்னால் இ6 என்று அடைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே வந்த மந்திரிக்குத் திரும்பிப் போகும் வழி குறுகல். வெள்ளை எச்4 என்று ஆடும்போது கறுப்பு பழக்கத்தில் இ6 என்றால், ஜி4 வருகிறது. மந்திரி இ4-க்குப் போனால் எஃப்3, ஜி6-க்குத் திரும்பினால் எச்5, மந்திரி போயிற்று. எச்4-க்கு எச்5 அல்லது எச்6 என்று பதில் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். நைஜல் ஷார்ட்டின் பெயரோடு வழங்கும் அமைதியான கிளையில் வெள்ளை எஃப்3-இல் குதிரையும் இ2-இல் மந்திரியும் வைத்துக் கோட்டை கட்டிக்கொண்டு இடவசதியை மட்டும் நம்புகிறது. அங்கே கறுப்பு அவசரப்படாமல் குதிரைகளை டி7, இ7 என்று வைத்து, பிறகு சி5-க்குத் தயாராகலாம். ஏற்கெனவே சி6-இல் ஒரு நகர்வைச் செலவழித்த சிப்பாய் சி5-க்கு இன்னொன்றைச் செலவழிக்கிறது என்ற குறை எப்போதும் உண்டு.

மூன்றாவது நகர்விலேயே சி5 என்பது போட்வின்னிக்கின் பெயரோடு சேர்ந்தது. 1961-இல் மிகைல் தாலோடு மறுபோட்டி ஆடி உலகப் பட்டத்தைத் திரும்பப் பெற்றபோது அவர் இந்த இரண்டு வழிகளையுமே ஆடினார் என்பது, ஒன்றையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். இந்த நகர்வின் கணக்கு சற்று நுட்பமானது. வெள்ளை சி3 என்று மையத்தைத் தாங்கினால், கறுப்பு இ6 ஆடும் நிமிடமே அது பிரெஞ்சுத் தற்காப்பின் அட்வான்ஸ் ஆகிவிடுகிறது, அதுவும் ஒரு நகர்வு பின்தங்கி. ஆகவே இ6-ஐத் தள்ளிப்போட்டு, சி8 மந்திரியை முதலில் ஜி4-க்கோ எஃப்5-க்கோ வெளியே கொண்டுவருவதே இந்தக் கிளையின் உயிர். அதை மறந்தவர் காரோ-கானும் ஆடவில்லை, பிரெஞ்சும் ஆடவில்லை. வெள்ளை சி5-இல் வெட்டிக்கொண்டால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. கறுப்பு இ6 என்று ஆடி மந்திரியால் திரும்ப வெட்டப் பார்க்கிறது, வெள்ளை பி4 என்று சிப்பாயைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. அந்த நிலை கூர்மையானது, படித்தவருக்கே பயன் தருவது.

பயிற்சியாளர் இந்த இடத்தில் லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில், ஒவ்வொரு நிலையிலும் எந்த நகர்வை எத்தனை பேர் ஆடினார்கள் என்று காட்டும் இலவச ஓப்பனிங் எக்ஸ்புளோரரைத் திரையில் காட்டுகிறார். மாஸ்டர்களின் ஆட்டத் தொகுப்பை மூடிவிட்டு, எல்லா நிலை ஆட்டக்காரர்களும் ஆடிய தொகுப்பைத் திறந்து, அவரவர் ரேட்டிங்குக்கு ஏற்ற வடிகட்டியை வைத்து, “உன் எதிராளி இங்கே உண்மையில் என்ன ஆடுகிறான்” என்று பார்க்கச் சொல்கிறார். மாஸ்டர்கள் முதலில் தேடும் நகர்வை நம் நிலை ஆட்டக்காரர்கள் பலர் தொடுவதே இல்லை என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். வெற்றி விழுக்காட்டைப் பார்த்துக் கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், எந்த நிலை அடிக்கடி வரும் என்பதற்கு மட்டும் அதைப் பாருங்கள் என்று அவர் சொல்வதை நான் முழுவதும் ஏற்கிறேன். அந்த விழுக்காட்டில், கிளையைப் படிக்காமல் ஆடித் தோற்றவர்களும் கலந்தே இருக்கிறார்கள்.

வகுப்பின் பலவீனமான பகுதி எக்ஸ்சேஞ்சும் பனோவும். டி5-இல் வெட்டிவிட்டு மந்திரியை டி3-இல் வைக்கும் எளிய வழியை 1970-இல் பெல்கிரேடில் ஃபிஷர் பெட்ரோசியனுக்கு எதிராக ஆடி வென்ற ஆட்டத்தோடு விளக்கினார். அது போதுமானதாக இருந்தது. சி4 என்று தாக்கும் பனோவுக்கு மட்டும் ஒரே ஒரு வகுப்பு. அங்கே கறுப்புக்கு இ6, சி6 குதிரை, ஜி6 என்று மூன்று உறவுக் கிளைகள் இருக்கின்றன. பக்கத்து வரிசைகளில் துணைச் சிப்பாய் இல்லாத தனிச் சிப்பாயை எதிர்த்து ஆடும் கலை வேறு இருக்கிறது. காரோ-கானின் மற்ற எந்தக் கிளையைப் போலவும் இல்லாமல் திறந்த ஆட்டம் அது. மூன்று கேள்விகளையும் மிகவும் பயனாகக் கேட்டிருக்கக்கூடிய இந்த இடத்தில், “இ6 ஆடுங்கள், பிறகு பார்க்கலாம்” என்று முடித்துவிட்டார். எஃப்3 என்று தாங்கும் ஃபேன்டசி கிளைக்கும் அதே கதி, ஆனால் அது அரிதாக வருவதால் பொறுத்துக்கொள்ளலாம்.

வேறு குறைகளும் உண்டு. அச்சிட்டுக் கொடுக்கும் குறிப்புகளில் வரிசை எண் பிழைகள் மலிந்திருக்கின்றன; பிள்ளைகள் பலகையில் வைத்துப் பார்த்தால் காய் இல்லாத கட்டத்திலிருந்து நகர்வு தொடங்குகிறது. தொடக்க நிலை மாணவர்களையும் மாவட்டப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்களையும் ஒன்றாக உட்கார வைப்பதால் முதல் மூன்று வாரங்கள் மூத்தவர்களுக்கு வீண். 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் டிங் லிரென் கறுப்பில் பிரெஞ்சு ஆடி குகேஷை வென்றதைச் சொல்லி, பிரெஞ்சும் கற்றுத் தாருங்கள் என்று சில மாணவர்கள் கேட்டார்கள். அவர் மறுத்தார், அந்தப் போட்டியை இறுதியில் குகேஷ்தானே வென்றார் என்று சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். விடை வேடிக்கையானது, கேள்விக்கான விடை அல்ல. காரோ-கான் தன் இயல்புக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொண்ட மாணவனுக்கு இந்த வகுப்பில் வேறு வழி இல்லை.

வீட்டுப்பாட முறை நன்றாக இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு கிளையை அறிவித்துவிட்டு, பதினைந்து நிமிட ஆட்டங்களில் அதை மட்டுமே ஆடி, எந்த நகர்வில் படித்தது தீர்ந்துபோனது என்பதை நோட்டில் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பை வைத்து அடுத்த வாரம் அவர் பேசுகிறார். என் மகள் டார்டகோவரையும் அட்வான்ஸுக்கு எஃப்5 மந்திரியையும் எடுத்திருக்கிறாள். காய்களின் இடம் தெரிந்தால் போதும், மீதியைப் பலகையில் யோசிக்கலாம் என்பது அவள் இயல்பு. நான், வெள்ளை மூன்றாவதாகக் குதிரையை சி3-இல் வைக்கும் நிலைக்குக் கிளாசிக்கலையும், அட்வான்ஸுக்கு சி5-ஐயும், டூ நைட்ஸுக்கு ஜி4 மந்திரியையும் வைத்துக்கொண்டேன். படிக்க வேண்டியது அதிகம்தான். ஆனால் என் வயதுக்காரர்களோடு ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் இ5 என்று தள்ளுபவர்கள் சி5-இல் வெட்டத் தயங்குவார்கள் என்பதை எக்ஸ்புளோரரும் சொன்னது, அனுபவமும் சொன்னது. ஒரே வீட்டில், ஒரே வகுப்பில் படித்த இருவருக்கு வெவ்வேறு விடை வந்ததைப் பயிற்சியாளர் திருத்த முயலவில்லை.

காய்கள் நகரும் விதத்தை மட்டும் தெரிந்த சிறு குழந்தைகளை இங்கே சேர்க்க வேண்டாம். அவர்களுக்கு முதலில் சிப்பாய் முடிவாட்டமும் எளிய தந்திரங்களும் தேவை. ஓரளவு போட்டி ஆடி, கறுப்பில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தொடக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு 4,000 ரூபாய் நியாயமான கட்டணம். அடுத்த தொகுதியில் பனோவுக்கு மூன்று வகுப்புகளும் டார்டகோவர் முடிவாட்டத்துக்கு ஒரு முழு ஞாயிறும் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தை வாங்கி, இவை இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.